வைப்பர் நின்ற வெள்ளிக்கிழமை

அப்பா வாடகைக்கு ஓட்டிவந்த கார் என்னைவிட மூத்தது. அந்த ஐப்பசியில் அதன் வைப்பர் தன்னிஷ்டத்துக்கு நடந்துகொண்டது. ஒரு தெரு முழுக்க ஆடும். அடுத்த தெருவில் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். அப்பா ஃபியூசைத் தேய்த்தார், பிளேடை மாற்றினார், மோட்டாரைத் தட்டினார். தட்டினால் ஓடும். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் நிற்கும்.

அப்படிப்பட்ட காரில்தான் சித்தியைக் கடலூர்ப் பக்கத்துக் கோயிலுக்கு அழைத்துப்போனோம். மாப்பிள்ளை வீட்டார் அங்கே வைத்துப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். சித்தி அம்மாவின் தங்கை. டீச்சர் டிரெய்னிங்குக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தவள். அதெல்லாம் அப்புறம், முதலில் கல்யாணம் என்று அவளைத் தவிர எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள்.

பின் கதவுக் கண்ணாடி மூடாது. பட்டுப்புடவையில் சாரல் படாதிருக்க சித்தியை அம்மாதான் முன்னால் உட்காரவைத்தாள். அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான். பின்னால் தாம்பாளத்தோடு அம்மா.

முருங்கப்பாக்கத்தில் மழை பிடித்தது, வைப்பர் நின்றது. அப்பா இறங்கித் தட்டினார், ஓடியது. ஏறினார், நின்றது. அரியாங்குப்பத்தில் ஒரு மெக்கானிக் எங்கள் எல்லாரையும் இறக்கிவிட்டு சுவிட்சைப் போட்டார். பத்து நிமிஷம் சளைக்காமல் ஆடியது.

"வண்டி நல்லாத்தான் இருக்குது சார். நீங்க ஏறுனாத்தான் கோச்சிக்குது போல" என்றவர், கண்ணாடியில் தேய்த்தால் தண்ணீர் ஒட்டாது என்று ஒரு புகையிலைத் துண்டையும் கொடுத்தார்.

கிளம்பிப் பத்தடி போகவில்லை, மறுபடி நின்றது. தற்செயலாகக் குனிந்தேன். டாஷ்போர்டின் அடியில் தொங்கிய சிவப்பு ஒயரை, சித்தியின் கால் கட்டைவிரல் மெல்ல இழுத்துப் பிடித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையில் ஒரு ஆரஞ்சு மிட்டாயைத் திணித்தாள். ஏதோ விளையாட்டு என்று நானும் பாவாடையை விரித்து அவள் காலை மறைத்துக்கொண்டேன்.

அப்பா புகையிலையைத் தேய்த்துப் பார்த்தார். கண்ணாடி காபி நிறமானது. மணி பத்தரையைத் தாண்டியது.

"மன்னிச்சிக்க பாப்பா. நேரம் போயிடுச்சி" என்றார் அப்பா சித்தியிடம்.

"நீங்க இன்னா மாமா பண்ணுவீங்க" என்றாள் சித்தி. குரல் நடுங்கியது. அழுகிறாள் என்று அப்பா நினைத்தார். என் பக்கத்தில் அவள் வயிறு சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது வீடு வரைக்கும் வைப்பர் ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்பா அதைக் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டே ஓட்டினார். முதல் தடவையே தடங்கல் என்று மாப்பிள்ளை வீட்டார் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். சித்தி டிரெய்னிங்கில் சேர்ந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலை நல்ல வெயில். அப்பா பானெட்டுக்குள் தலையை விட்டு மோட்டாரோடு மல்லுக்கு நின்றார். காபி கொண்டுவந்த அம்மா, டம்ளரை மட்கார்டின் மேல் வைத்துவிட்டு முன் கதவைத் திறந்தாள். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, அந்தச் சிவப்பு ஒயரை அழுத்திச் செருகினாள்.

"விடுங்க. இனிமே நிக்காது."

வழியெல்லாம் பின் சீட்டில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எந்த ஒயர் என்று எப்படித் தெரிந்தது? எனக்கு அன்று விளங்கவில்லை.