அஜித்குமாரின் பை

காலை ஏழே முக்கால் டவுன் பஸ் கலையரசியின் ஊரிலிருந்துதான் புறப்படும். அதனால் அவளுக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். இதற்கு மேல் இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஆனால் பதினேழு வயதில் இவ்வளவு அற்பமான காரணத்தை யார் ஒத்துக்கொள்வார்கள்?

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. நிற்கிறவர்கள் தங்கள் பையை உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் வைத்துவிடுவார்கள். கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். பின்படியில் தொங்கிக்கொண்டு வரும் பையன்களோ ஜன்னல் வழியாகவே பையை உள்ளே தள்ளிவிடுவார்கள். யார் மடியில் விழுகிறதோ, அவர் பாடு. இறங்கும்போது அதே ஜன்னலில் ஒரு கை நீளும், பை போய்விடும்.

கலையரசி பின்படிக்கு அடுத்த ஜன்னலோரம் உட்காருவாள். பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதத்தில் ஒரு நாள் அஜித்குமாரின் பை அவள் மடியில் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. பத்து நாள் தொடர்ந்து விழுந்ததும் கலையரசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பஸ்ஸில் அத்தனை மடி இருக்கும்போது தன் மடியைத் தேடி வருகிறதென்றால் சும்மாவா வரும்?

பைக்கு அவள் செய்த பணிவிடையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிய்ந்திருந்த வாரை வீட்டிலிருந்து ஊசிநூல் கொண்டுவந்து ஓடுகிற பஸ்ஸிலேயே தைத்தாள். மழை பெய்தால் தன் பையை நனையவிட்டு அவன் பையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள். வீட்டு மரத்துக் கொய்யாவை யாருக்கும் தெரியாமல் உள்ளே வைத்தாள். அவன் அதை எடுத்து, "எவளோ வெச்சிக்கீறாடா" என்று கூட்டாளிகளுக்குப் பங்கு போட்டுத் தின்றான். எவள் என்று விசாரிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவனுடைய சிநேகிதன் கவியரசன்தான் கண்டுபிடித்து, கலையரசிக்கு 'லக்கேஜ்' என்று பெயர் வைத்தான். பெயர் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. அஜித்குமார் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தபோது கலையரசிக்கு அதுவும் செல்லமாகத்தான் கேட்டது. மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் காது அப்படித்தான் கேட்கும்.

ஜெயசுதாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஜெயசுதா அடுத்த நிறுத்தத்தில், காலனியில் ஏறுவாள். கலையரசி தன் பையைப் பக்கத்தில் போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து இப்படித்தான். கலையரசியின் அப்பா கண்ணாயிரத்துக்கு நாலு ஏக்கர் கரும்பு. அந்தக் கரும்பில் களையெடுத்து, சோகை என்கிற காய்ந்த தோகையை உரிக்கிறவள் ஜெயசுதாவின் அம்மா பெரியம்மாள். புருஷன் செத்தபிறகு இந்த ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவள். கலையரசியின் வீட்டுக்கு வந்தால் ஜெயசுதா பின்வாசலோடு நின்றுகொள்வாள். கலையரசியின் அம்மா அம்சவள்ளி அவளுக்கென்று ஒரு தம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். பஸ்ஸில் அதெல்லாம் கிடையாது. இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். வேதியியல் கலையரசியின் மண்டையில் ஏறியதென்றால் அது ஜெயசுதா ஏற்றியதுதான். அவள் நர்சிங் படிக்கப் போகிறாள் என்று காலனியே சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது, ஒரு நாளாவது அவன் உன் மூஞ்சப் பாத்துப் பேசனானா?" என்று ஒரு நாள் ஜெயசுதா கேட்டேவிட்டாள். "பைய வெக்க ஒரு எடம் வேணும் அவனுக்கு. நீ இல்லன்னா வேற எவளாவது. உனுக்கு ஏன்டி இந்த வேல?"

"உனுக்குப் பொறாம."

"எனுக்கா? அந்த மூஞ்சிக்கா?"

கலையரசி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. இடம் பிடித்தும் வைக்கவில்லை. ஜெயசுதா ஏழு நாள் நின்றுகொண்டே வந்தாள். எட்டாம் நாள் அவளே வந்து, "தப்புதான்டி, வுடு" என்றாள். தப்பு யார் மேல் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இறங்கி வருவது எப்போதும் ஜெயசுதாவாகவே இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில், நவம்பர் மாதம், பள்ளிக்கூடத்தில் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனார்கள். கரியாலூர் தாண்டி அருவிக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி. மழை விட்ட நேரம், தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பாறையெல்லாம் குரங்கு.

"ஏ லக்கேஜு, கொரங்கு ஜாஸ்தியா கீது. எல்லார் பையயும் பாத்துக்க" என்று கவியரசன் தன் பையை அவள் முன்னால் போட்டான். ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள். பெண்களும் போட்டார்கள். பத்தொன்பது பைகள். கடைசியாக வந்த அஜித்குமார் தன் பையைக் கீழே வைக்காமல் அவள் கையிலேயே கொடுத்தான்.

"கலை, இத மட்டும் கீழ வெக்காத. கைலயே வெச்சிக்கோ."

கலை என்றான். லக்கேஜ் என்று சொல்லவில்லை. ஒன்றரை வருஷத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லிப் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் அங்கேயே உருகி நின்றாள்.

ஜெயசுதா நனைந்த தலையோடு பாதியில் எழுந்துவந்து, "நீ போய்க் குளிச்சிட்டு வாடி, நான் உக்காந்துக்கறேன்" என்றாள். "நீ போ, எனுக்குத் தெரியும்" என்று கலையரசி அவளை விரட்டிவிட்டாள். வகுப்பு முழுவதும் தண்ணீரில் கூச்சல் போட, அவள் பத்தொன்பது பைகளுக்கு நடுவே இன்னொன்றைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தவர் அந்த மலையில் வேறு யாரும் இல்லை.

காலையில் வேனில் வரும்போது அந்தப் பைக்குள் அவளேதான் இரண்டு கொய்யா வைத்திருந்தாள். குரங்குக்கு வாசம் தெரியாதா? பின்னாலிருந்து வந்து ஒரே இழுப்பு. ஜிப் பிய்ந்து எல்லாம் பாறையில் கொட்டியது. கொய்யாவைக் குரங்கு கொண்டுபோனது. கலையரசி பதறிப்போய் மற்றதை அள்ளினாள். விரிந்து கிடந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே பெயர் முப்பது நாற்பது தடவை எழுதியிருந்தது. ஜெயசுதா, ஜெயசுதா, ஜெயசுதா.

அதே பக்கத்தில் நாலாக மடித்த ஒரு சீட்டு. அந்தக் கையெழுத்து கலையரசிக்குத் தன் கையெழுத்தைவிட நன்றாகத் தெரியும்.

'என் பின்னாடி வராதே. நான் படிக்கணும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. கலைக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். அவளிடம் நல்லபடியாகப் பேசு. பாவம் அவள். ஜெயசுதா.'

இப்போது விளங்கியது. அவன் வாயிலிருந்து வந்த 'கலை'கூட இந்தச் சீட்டு கொடுத்த பிச்சை. அவனுக்குத் தன் மேல் ஆசை இல்லை என்பதை அவள் அழுது தீர்த்திருப்பாள். ஜெயசுதா மேல் ஆசை என்பதையும் எப்படியோ முழுங்கியிருப்பாள். அந்தப் 'பாவம்' மட்டும் தொண்டையில் நின்றுவிட்டது. பின்வாசலில் நிற்கிறவள், தனித் தம்ளரில் தண்ணீர் குடிக்கிறவள், தன்னைப் பார்த்துப் பாவம் என்கிறாள். யார் யாரைப் பார்த்துச் சொல்வது? அத்தனை வருஷ சிநேகத்தில் அந்தத் தம்ளர் அவள் நினைவுக்கு வந்தது அன்றுதான். வந்தது போகவில்லை.

திரும்பி வரும்போது வேனில் ஜெயசுதா அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கலையரசி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சீட்டு அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாள் கரும்பில் சோகை உரித்துக்கொண்டிருந்தாள். கலையரசி வரப்பில் போய் நின்றாள். தன் அம்மா வயதுக்காரியை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான்.

"பெரியம்மாளு, ஒண்ணு சொல்லணும். நான் சொன்னேன்னு தெரியக் கூடாது."

"இன்னா பாப்பா?"

கலையரசி சீட்டை நீட்டினாள். பெரியம்மாள் சோகை அறுத்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கீழே இருந்த பெயர் தெரிந்தது. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பரிசுச் சான்றிதழில் அதே பெயரைத் தினமும் பார்க்கிறவள் அவள்.

"இது எங்க ஜெயசுதா பேருதான? இன்னா எழுதிக்கீறா?"

சீட்டை அப்படியே காட்டி, பையன் பின்னால் சுற்றுகிறான் என்று சொல்வதாகத்தான் கலையரசி வந்தாள். அதுவே போதும், ஜெயசுதாவுக்கு நாலு திட்டு விழும் என்று கணக்கு. ஆனால் எழுத்தறியாத அந்த முகம் தன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றபோது வேறு ஒன்று வந்தது. வரிகளுக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு அவள் படித்தாள்.

"'அஜித்து, உன்ன நெனச்சிக்கினேதான் கீறேன். பரீட்ச முடிஞ்சதும் நம்ம ரெண்டு பேரும் எங்கயாவது போயிடலாம். எங்க அம்மாவுக்குத் தெரிய வேணாம்.'"

பெரியம்மாள் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"பாப்பா, இன்னொரு தபா நல்லாப் பாத்துப் படி. வேற ஏதாச்சும் இருக்கப் போவுது."

கலையரசி இன்னொரு தடவை படித்தாள். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

"நீ வந்து சொன்னியே, நல்லா இருப்ப தாயி" என்று பெரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லன்னா என் மானமே போயிருக்கும்." கலையரசி சீட்டைத் திரும்ப வாங்கி, "யாராவது பாத்தா அசிங்கம்" என்று கிழித்து வாய்க்காலில் விட்டாள்.

திங்கட்கிழமை காலனி நிறுத்தத்தில் ஜெயசுதா ஏறவில்லை. அடி விழுந்ததாகவும் புத்தகமெல்லாம் அடுப்புக்குப் போனதாகவும் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். வாத்தியார் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். "அவ படிச்சது போதும்ங்க சார்" என்று பெரியம்மாள் கும்பிடு போட்டாளாம். திருநாவலூர்ப் பக்கத்தில் தாய்மாமன் மகன் இருக்கிறான், வைகாசியில் பதினெட்டு முடிந்ததும் கொடுத்துவிடப் போகிறார்கள் என்றும் சொன்னார்கள்.

அஜித்குமார் ஒரே ஒரு தடவை ஜன்னலில் குனிந்து, "ஜெயசுதா இன்னா ஆளையே காணம்?" என்று கேட்டான். "தெரியாது" என்றாள் கலையரசி. பொங்கலுக்குள் அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஷாலினி என்கிற பெயர் வந்துவிட்டது. பை மட்டும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. பக்கத்து இடம் காலியானதைப் பார்த்துக் கவியரசனும் மற்றவர்களும் தங்கள் பைகளையும் அங்கே தள்ளினார்கள். அவர்கள் ஏறும் நிறுத்தம் வரை இடம் போய்விடாதபடி கலையரசி தன் பையை அதில் போட்டு வைத்தாள்.

தை மாதக் கடைசியில் கண்ணாயிரத்தின் கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. ஒரு நாள் காலையில் லோடு ஏற்றுகிற டிராக்டர் சாலையை அடைத்துக்கொண்டு நிற்க, பஸ் நின்றுவிட்டது. கரும்புக்கட்டைத் தலையில் சுமந்து வந்தவர்களில் ஒருத்தி கட்டை இறக்கிப் போட்டுவிட்டு ஜன்னலுக்குக் கீழே ஓடிவந்தாள். கை முழுக்கச் சோகை கிழித்த கோடுகள். ஜெயசுதா.

"கலை, நல்லாக்கீறியாடி?" என்றவள் எட்டிப் பார்த்தாள். பக்கத்து இடத்தில் கலையரசியின் பை இருந்தது. ஜெயசுதாவின் கண் கலங்கிவிட்டது. "இன்னும் எனுக்கு எடம் புடிச்சி வெச்சிக்கினு கீறியா?"

கலையரசி அந்தப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் எழுதன சீட்ட அந்த நாயி ஊருக்கெல்லாம் காட்டிக்கீது. எவளோ போயி அம்மாகிட்ட இல்லாததும் பொல்லாததும் சொல்லிட்டா. நான் சொன்னா அம்மா நம்ப மாட்டேங்குது. நீ சொன்னா கேக்கும்டி. பரீட்ச மட்டும் எழுதிக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லு. என் எடத்த யாருக்கும் குடுத்துடாத."

"சொல்றேன்" என்றாள் கலையரசி. டிராக்டர் நகர்ந்தது, பஸ் கிளம்பியது. அடுத்த நிறுத்தத்தில் அஜித்குமாரின் பை மடியில் விழுந்தது. அவள் தன் பையை எடுத்து மற்றவர்களுக்கு இடம் விட்டாள்.

சொல்ல வேண்டும் என்றுதான் அன்றைக்குச் சாயங்காலம் கரும்பு வயலோரம் இறங்கினாள். அதில் பொய் இல்லை. பெரியம்மாள் கடைசிக் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அவளே கேட்டாள்.

"பாப்பா, பரீட்ச எழுதணும்னு ராவும் பகலும் அழுவுறா. பெத்த வயிறு கேக்க மாட்டேங்குது. நீ இன்னா சொல்ற? அனுப்பட்டுமா?"

அனுப்பு என்றால் போதும். ஒரு சொல். ஆனால் வந்தால் ஜெயசுதா அஜித்குமாரைப் பார்ப்பாள், சீட்டைப் பற்றிக் கேட்பாள். சீட்டு அன்றைக்கு யார் மடியிலிருந்த பையில் இருந்தது என்று வெளியே வந்துவிடும். கலையரசி வாய்க்காலைப் பார்த்தாள். பிறகு பெரியம்மாளைப் பார்த்து, இந்த விஷயத்தில் முதல்முறையாக, உண்மையைச் சொன்னாள்.

"அந்தப் பையனும் அங்கதான் பரீட்ச எழுதறான், பெரியம்மாளு."

பெரியம்மாள் சரி என்று தலையாட்டினாள். கட்டைத் தலைக்கு ஏற்ற ஒரு கை கொடுக்கச் சொன்னாள். கலையரசி பிடித்துத் தூக்கிவிட்டாள்.