கண்ணின் வெள்ளை

சிரம்பான் நகரத்தில், லோபாக் பகுதியில் ஒரு கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. பகாவ் பக்கம் அம்மா இருக்கும் எஸ்டேட்டில் ஒரு சின்ன தேவாலயம். ஆராதனையைச் சபைச் செயலாளர் கைபேசியில் பிடித்து அனுப்புவார். நான் அதைச் சரிசெய்து இணையத்தில் ஏற்றுவேன். எஸ்டேட்டை விட்டுப் போனவர்கள் சிங்கப்பூர் வரைக்கும் பார்ப்பார்கள். அதில் வேதம் வாசிப்பது அம்மா.

சரிசெய்வது என்றால் நிறத்தைத்தான். கைபேசியில் பளிச்சென்று இருக்கும் படம் கணினிக்கு வந்ததும் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்த மாதிரி வெளிறிப்போகும். கறுப்பு சாம்பலாகிவிடும். முதலில் கறுப்பை இறக்கி, நிறத்தை ஏற்றுவேன். பிறகு மென்பொருளிடம், 'இதுதான் வெள்ளை' என்று படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அதை வைத்து மற்ற நிறங்களை அது திருத்திக்கொள்ளும்; தொட்ட இடத்தில் மஞ்சள் இருந்தால், அதைப் போக்கப் படம் முழுவதும் நீலத்தை ஏற்றிவிடும். அம்மாவின் வெள்ளைச் சேலை ஜன்னல் வெயிலில் அளவுக்கு மீறி வெளுத்திருக்கும், அதை நம்ப முடியாது. அதனால் முகத்தைப் பெரிதாக்கிக் கண்ணின் வெள்ளையைத் தொடுவேன். மணப்பெண்களுக்கும் வருஷக்கணக்காக அப்படித்தான் செய்கிறேன், ஒருநாளும் பிசகியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு.

ஒரு வாரம் அப்படித் தொட்டதும் சேலை நீலமாகிவிட்டது. பின்னால் இருந்த சுவரும் நீலம். எரிச்சலோடு செயலாளரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, உங்க போன் மூஞ்சிய மட்டும் மஞ்சளாக்குது. செட்டிங்ல கைய வச்சீங்களா?"

"நான் ஒண்ணும் தொடல தம்பி. அதெல்லாம் எனக்கு என்னா தெரியும்."

நான் நம்பவில்லை. சேலையையும் சுவரையும் தனியாகப் பிடித்து நீலத்தை எடுத்தேன். அடுத்த வாரம் நீலம் கூடியது. அதற்கடுத்த வாரம் இன்னும் கூடியது. ஒவ்வொரு முறையும் அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டே சரிசெய்து ஏற்றினேன். கல்யாண சீசன், ஊர்ப்பக்கம் போகவில்லை. வாராவாரம்தான் அம்மாவைத் திரையில் பார்க்கிறோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை போனேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தார். வெயிலில் அவர் கண்கள் இரண்டும் மஞ்சளாக இருந்தன. இந்த மஞ்சளை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். "ஒரு வாரம் இருக்கும்" என்றார் அம்மா. நான் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். நான் செய்திருந்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். முதல் ஞாயிறு லேசான மஞ்சள், ஏமாந்தால் தெரியாது. மூன்றாவது ஞாயிறு யாருக்கும் தெரியும். ஐந்தாவதைப் பார்க்க முடியாமல் மூடிவிட்டேன்.

உள்ளே போய், "ஐந்து வாரம்" என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதே கூட்டி வந்திருக்கலாமே என்றார். ஸ்கேனில், பித்தக்குழாயை ஒரு கட்டி அடைத்திருப்பது தெரிந்தது. அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று இன்னும் பார்க்க வேண்டுமாம்.

அம்மாவை வார்டில் சேர்த்த பிறகு கேட்டேன்: "கண்ணாடியிலகூடப் பாக்கலியாம்மா?" என் குரலில் கோபம் இருந்தது. அது அவர்மேல் வந்த கோபம் இல்லை.

"பாத்தேன் லா. மஞ்சளாத்தான் தெரிஞ்சிச்சு. பயந்துபோயி உன் வீடியோவப் போட்டுப் பாத்தேன். அதுல கண்ணு வெள்ளையா இருந்திச்சு. சரி, பாத்ரூம் பல்புதான் கெட்டுப்போச்சுன்னு அத மாத்திட்டேன்."

என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நல்லாத்தான்யா செஞ்சிருந்த."