பந்து ஒரு சாண் தாழ்வாக வந்தது

போன வாரம் ஒரு கமிட்டிக் கூட்டத்தில் கை தூக்கினேன். தூக்கிய கை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

அம்மையார்குப்பத்தில் ஒரு வாலிபால் டீம் இருக்கிறது. நான் இருப்பது திருத்தணியில் என்றாலும், அந்த டீமுக்கு மேனேஜர் நான்தான். மேனேஜர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் கேன் தூக்க வேண்டும், அம்பயரிடம் யாரும் சண்டை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

கூட்டத்தில் பேச்சு ஒன்றே ஒன்று. முனிரத்தினத்தை செட்டராக வைத்துக்கொள்வதா, வேண்டாமா?

வாலிபாலில் செட்டர்தான் எல்லாம். வருகிற பந்தை, அடிக்கிறவனுக்கு வாகாகத் தூக்கிக் கொடுப்பவர் அவர். அடித்தவனுக்குக் கைதட்டு. கொடுத்தவரை யார் பார்க்கிறார்கள்? முனிரத்தினத்துக்கு முப்பத்தொன்பது வயது. பவர்லூம் வைத்திருக்கிறார். பதினைந்து வருஷமாக எங்கள் செட்டர்.

புகார் சொன்னது கஜேந்திரன். டீமின் பெரிய அடி அவனுடையது. முனிரத்தினத்துக்கு மச்சான் வேறு — அவன் அக்காவைத்தான் இவர் கட்டியிருக்கிறார்; அவன் கூப்பிடுவது 'பாவா' என்று.

"பாவா மேல எனக்கு மரியாத இருக்குது. ஆனா பந்து தாழ்வா வந்துகினு இருக்குதுங்க. ரெண்டு வருஷமா பாக்கறேன். கை தளந்துபோச்சு அவருக்கு" என்றான்.

மச்சானே சொன்ன பிறகு என்ன இருக்கிறது? அரை மணி நேரம் பேசினோம். வயசு, முழங்கால், வேகம்... எல்லாம் பேசினோம். கடைசியில் ஐந்து பேரும் கை தூக்கினோம். செட்டராக திலீப்பைப் போடுவது என்று முடிவு. இருபத்தாறு வயது, நல்ல உயரம், கம்பெனி டீமில் ஆடுகிறவன்.

முனிரத்தினத்திடம் யார் சொல்வது?

மேனேஜர் எதற்கு இருக்கிறான்?

மறுநாள் காலை தறிக் கொட்டகைக்குப் போனேன். சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு தறியையும் நிறுத்திவிட்டு வந்து நின்றார். சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கஜா இன்னா சொன்னான்?"

மழுப்பலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை. "அவனும் கை தூக்கினான்."

சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார்.

"சரிங்க. நான் வெளிய குந்திக்கிறேன். திலீப்பாண்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கஜாவுக்கு ரொம்ப மேல தூக்க வேணாம்."

"ஏன்?"

"சொல்லுங்க, போதும்."

திலீப்பிடம் சொன்னேன். "மேல தூக்கினாதான சார் அடிக்க முடியும்?" என்று சிரித்தான். அவன் கேட்டதும் நியாயம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டையில் மேட்ச். திலீப் அழகாகத்தான் தூக்கினான். பந்து நெட்டுக்கு மேலே நன்றாக எழும்பி வந்து நின்றது. கஜேந்திரன் ஓடிவந்து குதித்தான்... பந்து விரல் நுனியில் பட்டு நெட்டில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது பந்தை அவன் தொடவே இல்லை.

முதல் செட் போய்விட்டது.

இடைவேளையில் கஜேந்திரன் என்னிடம் வரவில்லை. நேராகப் போய் பெஞ்சில் இருந்த முனிரத்தினத்தின் எதிரில் உட்கார்ந்தான்.

"பாவா, எனக்கு நீ வேணும்னே தாழ்வா போட்டுகினு இருந்தியா?"

"ஆங்."

"எவ்ளோ?"

"ஒரு சாண் இருக்கும்."

"எப்பத்திலருந்து?"

"நீ வண்டியிலருந்து விழுந்து கால உடைச்சிகினியே, அதுக்கப்புறம்."

கஜேந்திரன் தன் கணுக்காலைப் பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டுப் போட்டிருந்த கால்.

"ஏன் பாவா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ குதிச்சிருக்க மாட்ட."

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். இருவரும் வாங்கவில்லை. என் கண்ணை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சரி, முனிரத்தினத்தை உள்ளே விடச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்? கஜேந்திரன் எழுந்து வந்து, "மேனேஜரே, என்ன மாத்திடுங்க" என்றான்.

"உன்னையா? பாவாவை இறக்கட்டுமா?"

"வேணாங்க. பாவா வந்தா நான் நல்லா அடிப்பேன். அப்புறம் நல்லாத்தான் குதிக்கறேன்னு திரும்பவும் நம்பிடுவேன்."

அவன் இடத்தில் வேறொருவரைப் போட்டோம். இரண்டாவது செட்டை ஜெயித்தோம். மூன்றாவது செட்டில் இரண்டு பாயின்டில் தோற்றோம். மாமனும் மச்சானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். திலீப் எங்கே நின்றால் நல்லது என்று முனிரத்தினம் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். கஜேந்திரன் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பும்போது ஒரே வண்டியில் போனார்கள். ஓட்டியது முனிரத்தினம்.

அன்றைக்கு பஸ்ஸில் திருத்தணி வரும்வரை இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். வாலிபாலில் மட்டுமா இப்படி? வீட்டில், ஆபீஸில்... நம்மால் எவ்வளவு எட்டும் என்று பார்த்து, சத்தமில்லாமல் தாழ்த்திக் கொடுத்துக்கொண்டே ஒருவர் இருப்பார். நாம் அவர் கை தளர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

அரை மணி நேரம் பேசினோமே... அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.