லிஃப்ட் அண்ணனின் குட்டை ஊசி

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் என்றாலே தைரியசாலி என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், இருட்டுக் குழாய் மாதிரி இறங்கும் பொந்துக்குள், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவுகிற ஆளைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? ஆனால் லிஃப்ட் அண்ணன் என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த மனிதரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பார்க்கப் பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறுவார். வெளியூரில் இருக்கும் மகள் உடனே போனை எடுக்காவிட்டால் முகம் வெளிறிவிடும்.

"எங்க கல்யாணப் போட்டோவைப் பாருங்க," என்பாள் அவர் மனைவி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம். "எல்லாரும் கேமராவைப் பார்ப்பாங்க. இவரு மட்டும் தலைக்கு மேல சுத்தற ஃபேனையே பார்த்துக்கிட்டு இருப்பாரு, எப்ப கழண்டு விழும்னு."

அந்தப் பயம் வேலையில் அவருக்குக் கைகொடுத்தது. கூட வேலை பார்த்தவர்களில் விரலைப் பறிகொடுத்தவர் உண்டு, முதுகு போனவர் உண்டு. இவர் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. கடைசியில் கால் உடைந்தது எங்கே என்றால், வீட்டுக் குளியலறையில், சோப்பை மிதித்து.

மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோதுதான் துணி அவர் கைக்கு வந்தது. மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். வெட்டித் தள்ளிய துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒருநாள் ஒரு மூட்டையை அவர் கட்டிலில் கவிழ்த்தாள்.

"சும்மா படுத்துக்கிட்டு உலகத்துக்கெல்லாம் சேர்த்துக் கவலைப்படாதீங்க. இந்தாங்க, ஒண்ணோட ஒண்ணு வச்சுத் தைங்க."

தைத்தார். நீலமும் சாம்பலுமாக, கோணல்மாணலாக, காலை வணக்கத்துக்கு வரிசை தப்பி நிற்கும் பிள்ளைகள் மாதிரி ஒரு போர்வை வந்தது. ஆனால் அதைத் தைத்த நேரமெல்லாம் அவருக்குப் பயமே இல்லை. ஊசி உள்ளே போனது, வெளியே வந்தது. மனசு அதன் பின்னாலேயே போனது. நினைவு தெரிந்த நாளாக அப்படி ஓர் அமைதி அவருக்குக் கிடைத்ததில்லை. கட்டுப் பிரித்து வேலைக்குப் போன பிறகும் அவர் விடவில்லை.

நூலகத்து மாடியில் ஞாயிறுதோறும் ஒட்டுப்போர்வை தைப்பவர்கள் கூடுவார்கள். அவரும் போய்ச் சேர்ந்தார். அத்தனை பேரும் பெண்கள். முதல் நாள், ஓட வசதியாகக் கதவோரம் உட்கார்ந்தார். டைப் டீச்சர் என்று பெயர் வாங்கிய, தட்டச்சுப் பள்ளி நடத்தி ஓய்ந்த அம்மாள்தான் அங்கே தலைவி. "கதவுக்குக் காவலா வந்திருக்கீங்க? உள்ள வாங்க சார்," என்று அதட்டி மேஜைக்கு இழுத்தார்.

அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி ஆளுக்கொன்று எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு போர்வை தைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிறு மேஜைகளில் விரித்துப் போட்டு, தடவிப் பார்த்து, குறை சொல்லி, மெச்சி, இந்தத் துண்டு கிழிந்த ஜன்னல் திரை, அந்தத் துண்டு பெரியவனின் முதல் சட்டை என்று கதை பேசிக் கைமாற்றிக்கொள்வார்கள்.

அந்த முறை லிஃப்ட் அண்ணனுக்கு வந்தது மருந்துக்கடைக்காரியின் பெயர். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பெற்றிருந்தாள் அவள்.

"எனக்கு வேணாம் அண்ணா," என்றாள். "பாப்பாவுக்குப் பண்ணிக் கொடுங்க."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. துண்டுகளைச் சுடுதண்ணீரில் இரண்டு தடவை அலசினார். சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தார். பொத்தான், கொக்கி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாதென்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே மஞ்சளும் பச்சையுமாகத் துண்டுகள், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் மெல்லிய பருத்தி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையலுக்குக் குட்டை ஊசிதான் வேண்டும். தலை என்று ஒன்று இல்லாத, மயிரிழைபோல மெலிந்த ஊசி.

கைமாற்றிய ஞாயிறன்று அந்தப் போர்வை மேஜை முழுக்கச் சுற்றி வந்தது. டைப் டீச்சரே குறை சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவர், புதுப் போர்வை ஆரம்பிக்கலாமென்று தையல் டப்பாவைத் திறந்தார். ஊசிகளைக் கம்பளித் துணியில் வரிசையாகக் குத்தி வைப்பது அவர் வழக்கம். வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தது.

டப்பாவைக் கவிழ்த்தார். மேஜைக்கடியில் தவழ்ந்தார்.

"என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி, தையல் மெஷினை நிறுத்தாமல்.

"குட்டை ஊசி ஒண்ணு காணோம்."

"போனா போகுது. என்கிட்ட இல்லாத ஊசியா?"

"அது இல்லம்மா. பாப்பா போர்வையை இதை வச்சுத்தான் தைச்சேன்."

"ஆரம்பிச்சிட்டீங்களா? நீங்க பயப்படாத ஒரு நாளைச் சொல்லுங்க பார்ப்போம்."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நினைவு வந்துவிட்டது. கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது மகள் போன் பண்ணினாள். நூல் தீர்ந்த ஊசியைப் போர்வையிலேயே குத்திவிட்டு எழுந்து போனார். பேசிவிட்டு வந்து பார்த்தால் ஊசியைக் காணவில்லை. டப்பாவில் வைத்துவிட்டோம் போல என்று வேறொன்றை எடுத்துக் கோத்துக்கொண்டார். ஆயிரம் தடவை அடுப்பைத் திரும்பிப் பார்க்கிற மனிதர், அதை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் சொல்லச் சொல்ல மெஷின் நின்றது. மனைவியின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"பஞ்சுக்குள்ள போயிருந்தா கைக்குத் தட்டுப்படாதே," என்றாள் மெதுவாக. "போன் பண்ணுங்க. உடனே பண்ணுங்க."

மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தார். எடுக்கவில்லை.

ஸ்கூட்டரில் போகும்போது அவர் கண்ணுக்கு ரோடு தெரியவில்லை. ஒரு வாரம். ஒரு வாரமாகக் குழந்தை அதன்மேல் படுத்திருக்கிறது. உடம்புக்குள் போன ஊசி நாள் போக்கில் நகர்ந்துகொண்டே போகும் என்று எப்போதோ யாரோ சொன்னது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் பச்சை விழுந்ததைப் பார்த்தார்.

மருந்துக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே வேலைக்கிருந்த பெண் மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா இல்லைங்க. பாப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. காலையிலேருந்து வீல் வீல்னு கத்துது. ஏன்னே தெரியலை. தூக்கினா இன்னும் அலறுது."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு லிஃப்ட் அண்ணன் ஸ்கூட்டரைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்கு சர்வீஸ் செய்கிறவரே அவர்தான். ஆனாலும் இன்றைக்குப் பார்த்து நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று படியில் ஏறினார். ஏறும்போதே மனசு குறுக்கு வழி தேடியது. 'ஓரத்துல ஒரு தையல் விட்டுப்போச்சும்மா, சரிபண்ணிக் கொண்டு வர்றேன்' என்று போர்வையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் என்ன? யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாமே.

குழந்தைகள் வார்டுக் கதவைத் தள்ளியதும் அழுகை கேட்டது. மூச்சு முட்டி, நின்று, திரும்பவும் கிளம்புகிற அழுகை. மஞ்சளும் பச்சையுமான போர்வைமேல்தான் குழந்தை கிடந்தது. ஊசி ஏற்கெனவே உள்ளே போயிருந்தால்? டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டுமே. குறுக்கு வழி அந்த இடத்திலேயே அடைபட்டுப் போனது.

"அண்ணா, நீங்க எப்படி இங்க?" என்றாள் மருந்துக்கடைக்காரி. அழுது கண் வீங்கியிருந்தது.

"தங்கச்சி, பாப்பாவை அதுலேருந்து தூக்கும்மா. போர்வைக்குள்ள ஊசி இருக்கோன்னு எனக்கு சந்தேகமா இருக்கு. என் ஊசி ஒண்ணைக் காணோம்."

அவள் புரியாமல் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவள் கணவனுக்கு உடனே புரிந்தது. குழந்தையை வாரி எடுத்துப் போர்வையைக் கீழே தள்ளிக் காலால் எத்தினான்.

"ஊசியா? குழந்தைக்குக் கொடுக்கற துணியில ஊசியா? நீங்கள்லாம் மனுஷனா?"

  தாய் குழந்தையின் சட்டையை, துண்டை எல்லாம் அவிழ்த்தாள். முதுகு, வயிறு, கை. இடது தொடையைத் திருப்பினாள். சுற்றிலும் சிவந்து தடித்து, நடுவில் ஒரு கரும்புள்ளி.

அவள் கத்திய கத்தலில் நர்ஸ் ஓடிவந்தார். லிஃப்ட் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். 

நர்ஸ் தொடையைப் பார்த்தார். குழந்தையின் அட்டையைப் பார்த்தார்.

"என்னம்மா இது? நேத்து தடுப்பூசி போட்ட இடம் இது. கூட்டிட்டு வந்ததே நீங்கதானே? காய்ச்சலும் வலியும் இதனாலதான். டாக்டர் மருந்து எழுதியாச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

"ஆமா, நான்தான் தூக்கிட்டு வந்தேன்," என்றாள் அவள். நாளெல்லாம் ஊசியும் மருந்தும் விற்கிறவள். அந்தப் பதற்றத்தில் அது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தடவிப் பார்த்தார். வேறு குத்தல் எங்கும் இல்லை.

கணவன் மட்டும் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அந்த ஊசி எங்கே?"

அப்போதுதான் லிஃப்ட் அண்ணனுக்கு வேலைச் சாமான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஓடிப் போய் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து காந்தக் கோலை எடுத்து வந்தார். லிஃப்டுக் குழிக்குள் விழுந்த திருகாணியை மேலே நின்றபடி எடுக்க, இழுத்தால் நீளுகிற, நுனியில் காந்தம் வைத்த கோல் அது. வராந்தா பெஞ்சில் போர்வையை விரித்தார். ஒரு ஓரத்திலிருந்து துணியின் மேலாகக் கோலை நகர்த்தினார். மஞ்சள் துண்டு, பச்சைத் துண்டு, கோடு போட்ட துண்டு. ஒன்றும் இல்லை. 'இருக்கக் கூடாது' என்று ஒரு மனசு. 'இல்லாவிட்டால் எங்கே போச்சு' என்று இன்னொரு மனசு. கணவனும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள்.

கீழ் மூலைக்கு வந்தபோது துணி தானாக எழுந்தது. சின்னக் கூடாரம்போல எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

 நர்ஸ் கத்தரிக்கோல் கொடுத்தார். லிஃப்ட் அண்ணன் தையலைப் பிரித்துப் பஞ்சுக்குள் விரலை விட்டார். வெளியே வந்த ஊசியை நர்ஸ் நீட்டிய தட்டில் வைத்தபோது அது டிங்கென்று ஒரு சத்தம் போட்டது. போர்வையைத் தலைகீழாகப் போட்டிருந்தால் குழந்தையின் கன்னம் படுகிற மூலை அது.

"போயிடுங்க," என்றான் கணவன். "இதுக்கு மேல நான் ஏதாவது சொல்லிடுவேன்."

போய்விட்டார்.

அதன்பிறகு பயமில்லாத ஓரிடம் என்று அவருக்கு இருந்தது போயிற்று. தையல் டப்பாவைக் கண்டாலே உள்ளங்கை வேர்த்தது. மனைவி ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னால்கூட எழுந்து வேறு அறைக்குப் போனார். அவளும் கேலி பேசுவதை விட்டுவிட்டாள். அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே கிடந்தார். ஒருநாள் டைப் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"நீங்க வராட்டி நாங்க மொத்தப் பேரும் உங்க வீட்டுக்கு வருவோம் சார். அத்தனை பேருக்கும் நாற்காலி இருக்கா?"

போனார். இந்த முறையும் கதவோரம் நின்றுகொண்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. யாரும் திட்டவில்லை. ஆனால் மடியில் போர்வை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"அந்தக் கோலைக் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் டைப் டீச்சர். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

மேஜையில் போர்வைகளை வரிசையாக விரித்தார்கள். இத்தனை காலமும் மெச்சித் தடவிய துணிகளின்மேல் இப்போது காந்தம் மட்டும் ஊர்ந்தது. பல போர்வைகளில் ஒன்றுமில்லை. டைப் டீச்சர் வருஷக்கணக்காகப் போர்த்திக்கொண்டு தூங்கிய போர்வையின் நடுவில் துணி எழும்பியது. உடைந்த அரை ஊசி, துருப்பிடித்துக் கறுத்திருந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். சிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அன்றிலிருந்து, காந்தம் ஓடாமல் எந்தப் போர்வையும் அங்கே கைமாறுவதில்லை.

சில மாதம் கழித்து மருந்துக்கடைக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளைக் கண்டதும் லிஃப்ட் அண்ணன் எழுந்து நின்றார்.

"உக்காருங்க அண்ணா. இவளோட அப்பாவுக்கு இன்னும் கோபம் போகலை. ஆனா நீங்க ஓடி வந்து சொன்னதை அவர் மறக்கலை," என்றாள். பிறகு சற்றுத் தயங்கினாள். "போர்வையை என் கட்டில்ல, கால்மாட்டுல போட்டிருக்கேன். துவைச்சேன், காந்தம் வாங்கி நானும் ஓட்டிப் பார்த்தேன். இருந்தாலும் பாப்பாவை அதுல படுக்க வைக்க மனசு வரமாட்டேங்குது. தப்பா எடுத்துக்காதீங்க."

"வேணாம்மா," என்றார் அவர். "நானா இருந்தாலும் படுக்க வைக்க மாட்டேன்."

 அவள் சீட்டுக் குலுக்கலில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள்.

"பாப்பா இப்ப எப்படி இருக்கா?"

"பல் முளைக்குதுண்ணா. எது கிடைச்சாலும் வாயில வச்சுக்கறா."

லிஃப்ட் அண்ணன் மேஜை ஓரத்தில் இருந்த குண்டூசி டப்பாவை எடுத்து, மூடி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, அலமாரியின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தார்.