மீதி அரை பாட்டில்

என் வீட்டுக்காரர் குடியை விட்ட பிறகு எங்கள் வீட்டுக்குள் ஒரு பீர் பாட்டில் வந்தது, கோழிக்குழம்பில் ஊற்றுவதற்காக. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளில் நடந்தது இது. மைசூரில், மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால் ஒரு சந்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நான், அவர், பள்ளிக்கூடம் போகிற மகள். சொந்த ஊர் மாதேஸ்வரன் மலைப் பக்கம் மார்டள்ளி. அவர் ஒரு பாரில் சமையல்காரர். முன்பக்கம் குடிக்கிறவர்கள், மாடியில் குடும்பத்தோடு சாப்பிடுகிறவர்கள், பின்பக்கம் அவருடைய அடுப்பு. சமைக்கப் போன மனுஷன் குடிக்கக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் அவருடைய செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே மகள் புத்தகப் பையையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். பை எதற்கடி என்று கேட்டால், "அப்பா கிழிச்சிட்டா டீச்சர் வைவாங்க" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. மாதேஸ்வரன் மலைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

சாமி முன்னால் சத்தியம் பண்ணி, வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டார். "இனி ஒரு சொட்டு என் நாக்குல பட்டா நீயே என்னைப் பாத்துக்க சாமி" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அந்தச் சத்தியத்தை மீறினால் ரத்தம் கக்கித்தான் சாவு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. அவருக்கும் இல்லை. அதன் பிறகு பாருக்குப் பின்கதவு வழியாகப் போவார், பின்கதவு வழியாகவே வருவார். முன்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மகள் மெல்ல மெல்லக் கட்டிலுக்கு மேலே வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் மண்ணைப் போட்டவர் அவருடைய முதலாளி. எங்கேயோ விருந்துக்குப் போன இடத்தில் பீர் ஊற்றிச் சமைத்த கோழியைத் தின்றுவிட்டு வந்து, தசராவுக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள், நம் கடையிலும் அதைப் போட வேண்டும் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். முன்பக்கத்தோடு நின்றிருந்த பாட்டில் அடுப்படிக்கே வந்துவிட்டது. இவர் சமைத்தார். ஆனால் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. கூட வேலை செய்தவரிடம் ருசி பார்க்கக் கொடுத்தால், அவருக்கு எதைக் கொடுத்தாலும் பிரமாதம்தான். முதல் நாள் போட்ட குழம்பு அத்தனையும் கசப்பு என்று மேஜையிலிருந்து திரும்பி வந்ததாம். "ருசி நோடதே அடிகே மாட்தாரேனய்யா?" என்று முதலாளி கன்னடத்தில் கத்தியிருக்கிறார். ருசி பார்க்காமல் யாராவது சமைப்பார்களா என்று. கொதித்தால் போதையெல்லாம் போய்விடும், பயப்படாமல் நாக்கில் வை என்று மற்றவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

"போதை போகுமோ என்னமோ, சத்தியம் போயிருமே" என்றார் வீட்டுக்கு வந்து. முகம் செத்துப்போய் இருந்தது. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு என்னைப் பார்த்து, "லீவு அன்னைக்கு இங்கயே செஞ்சு பாக்கறேன். நீ ருசி பாத்துச் சொல்லு புள்ள. உன் நாக்கு பொல்லாத நாக்கு. கல்யாணத்தன்னைக்கு வெச்ச ரசத்துக்கே குறை சொன்னவ நீ" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. "ஏனுங்க, அந்தக் கருமத்தை வீட்டுக்குள்ள கொண்டாறதா?" என்றேன்.

"கொண்டாந்துதான் ஆகணும். இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்குவாங்க."

லீவு நாளில், மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, கன்னடப் பேப்பரில் சுற்றிய பாட்டிலைத் துணிப்பைக்குள் வைத்து எடுத்து வந்தார். சாமி படத்துக்கு நேரே வைக்காதீங்க என்று பிடுங்கி, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருப்பாளோ என்று ஒரு பயம் வேறு.

வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, இஞ்சி பூண்டு அரைத்துப் போட்டு, கோழியைப் பிரட்டிவிட்டு, "இப்ப கொடு" என்றார். மூடியை நான்தான் திறந்தேன். அவர் பாம்பைப் பிடிக்கிறவர் மாதிரி கையை நீட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினார். புஸ்ஸென்று நுரை பொங்கியது. அந்த வாசம் சட்டியிலிருந்து எழும்பி வீட்டை நிறைத்தபோது அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நான் பார்த்துவிட்டேன். பாதி ஊற்றியதும், "போதும் போதும்" என்று பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அதைக் கொட்டீராத. ருசி பாத்துட்டு, பத்தலைன்னா ஊத்திக்கலாம்" என்றார்.

குழம்பு கொதித்துச் சுண்டியது. ஒரு கரண்டி எடுத்து ஊதி நாக்கில் வைத்தேன். முதலில் காரம், பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு. சொன்னேன். கொஞ்சம் வெல்லம் போட்டார். மறுபடி பார்த்தேன். இன்னும் ஒரு தக்காளி நசுக்கிப் போடச் சொன்னேன். மூன்றாவது முறை வைத்தபோது, அட, நிஜமாகவே நன்றாக இருந்தது! கசப்பு இருக்கிற இடமே தெரியவில்லை. கறி பூவாக வெந்திருந்தது. "இதுதானுங்க பக்குவம். இனி ஒரு சொட்டுக்கூட வேண்டாம்" என்றேன். அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

மீதியைச் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்று எழுந்தேன். சரியாக அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா, "நீரு பந்த்து, பேக பாரம்மா!" என்று, தண்ணீர் வந்துவிட்டது, சீக்கிரம் வா எனக் கூப்பிட்டாள். நல்லி என்பது அங்கே தெருக்குழாய். எங்கள் சந்து நல்லியில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. விட்டால் அப்புறம் குடிக்கவே தண்ணீர் இருக்காது. பீர் பாட்டிலோடு நல்லிக்குப் போக முடியுமா? வைத்த இடம்கூட நினைவில்லாமல் வைத்துவிட்டுக் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நல்லியில் ஒரே சண்டை. என் குடம் முந்தியா உன் குடம் முந்தியா என்று. வேறு நாளாக இருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். அன்று என் காதில் எதுவும் விழவில்லை. என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பாட்டில்தான் நின்றது. முதல் குடம் நிறைந்ததும் மற்றதை அக்காவிடம் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

பாட்டில் காலி. கழுவித் தொட்டி ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் பின்பக்கம் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. சட்டி மூடியிருந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மீதி எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டு என்ன ஆகப் போகிறது? கொட்டிட்டேன் என்பார். முன்பெல்லாம் எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார்! வாயை மோந்து பார்க்கலாம் என்றால் வீடே பீர் வாசம் அடிக்கிறது, இதில் மனுஷன் வாயைத் தனியாக எங்கே மோப்பது? அவர் முகம் துடைக்கிற நேரத்தில் சாக்கடை ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்தது. அங்கே கொட்டவில்லை. அப்படியென்றால் குடித்துவிட்டார்.

அப்போது அவர் இருமினார். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அவர் துண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். ரத்தம் இல்லை.

"என்ன புள்ள?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க."

மாதேஸ்வரா, அவரை விட்டுவிடு, பாட்டிலை அங்கே வைத்துவிட்டுப் போனவள் நான் என்று மனசுக்குள் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு ஆத்திரமும் வந்தது. சாமி மேல், முதலாளி மேல், தண்ணீர் விடுகிறவன் மேல், எல்லோருக்கும் மேலாக இந்த மனுஷன் மேல். சாயங்காலம் மகள் வந்தால் மறுபடி கட்டிலுக்கு அடியில் போவாளே என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

அவர் தட்டு வைத்தார். சோறு போட்டார். குழம்பை ஊற்றிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உப்பு பாரு" என்றார்.

எதற்கு? நான்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டேனே. எரிச்சலோடு பிசைந்து வாயில் வைத்தேன். வைத்ததும் மெல்லாமல் நிறுத்தினேன். கசப்பு! வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி, தொண்டை வரைக்கும் கசப்பு. நான் நல்லிக்குப் போகும்போது அத்தனை பக்குவமாக இருந்த குழம்பு, வாயில் வைக்க விளங்காமல் போயிருந்தது.

மீதி எங்கே போனது என்பதை என் நாக்கு சொல்லிவிட்டது.

"கசக்குதா?" என்றார்.

தலையாட்டினேன்.

"கீழ கொட்டத்தான் எடுத்தேன். எடுத்த கை வாய்ப்பக்கமா வருது புள்ள. சாக்கடை வரைக்கும் போறதுக்குள்ள குடிச்சிருவேன்னு பயமாப் போச்சு. சட்டிதான் பக்கத்துல இருந்துச்சு." சட்டியைக் காட்டினார். "நல்லா வந்திருந்த கறியைக் கெடுத்துட்டேன். நாளைக்குக் கடையில சொல்லீர்றேன். பாட்டில் அடுப்படிக்கு வரக்கூடாது, அளவா ஒரு டம்ளர்ல ஊத்திக் கொடுத்தாச் செய்யறேன். முடியாதுன்னா போகட்டும்."

கயிறு கட்டிய அந்தக் கை தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் என் எச்சில் கையை அதன் மேல் வைத்தேன்.

"எந்திரி, கொட்டீட்டு ரசம் வெக்கறேன்" என்று தட்டை எடுக்க வந்தார்.

விடவில்லை. அடுத்த கவளத்தைப் பிசைந்து வாயில் போட்டேன். அதுவும் கசந்தது. கண்ணீர் வழிந்து தட்டில் விழுந்தது.

"வேண்டாம் புள்ள, எப்படித் திம்ப இதை?"

"உப்பு சரியா இருக்குதுங்க" என்றேன். "இன்னும் ரெண்டு துண்டு போடுங்க."