மாமா பூட்டிய குரல்

எங்கள் மாமா தன் நிழலையே ஏற இறங்கப் பார்க்கிற ஆள். அக்காவைக் கட்டி இருபத்தாறு வருடம் ஆகிறது, அவள் தம்பியான என்னை இன்னும் முழுசாக நம்பியபாடில்லை. வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. ஊரார் சண்டையையெல்லாம் பிரமாணப் பத்திரமாக அடித்து அடித்து, மனிதர்கள் என்றாலே எதையோ மறைக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். தப்பாக அடித்த தாளை நாலாகக் கிழித்து, இரண்டு துண்டை ஆபீஸ் குப்பைக்கூடையிலும் இரண்டை வீட்டுக் குப்பைக்கூடையிலும் போடுவார். வாசலில் மணி அடித்தால் முதலில் ஜன்னல் வழியாகப் பார்ப்பார், பிறகு கதவுத் துளை வழியாகப் பார்ப்பார், ஆள் நான்தான் என்று தெரிந்த பிறகும் "யாரு?" என்பார்.

டைப் அடிப்பதில் மட்டும் மனுஷன் சூரன், அதைச் சொல்லத்தான் வேண்டும். எழுத்துப் பலகையைக் குனிந்து பார்க்கவே மாட்டார். வேலை மிஞ்சினால் பழைய தட்டச்சு மெஷினில் வீட்டிலும் உட்கார்ந்து அடிப்பார். அக்கா சமையலறையில் நின்றபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டு, பக்கம் முடியப் போகிறது என்று கண்டுபிடித்து டீக்குத் தண்ணீர் வைப்பாள். ஒருநாளும் கணக்குத் தப்பியதில்லை.

அந்த அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். அதற்கு முன்னால் பேசச்சொல்லிப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மாமா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் பதிந்தார். வெளியூரில் வேலை பார்க்கிற மகளுக்காகப் பேசியது, சும்மா பேசியது, எல்லாம் சேர்த்துப் பதினோரு கோப்பு. அக்காவின் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்த வாரமே என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்து நின்றார். இந்தக் காலத்தில் குரலை வைத்தே ஊரை ஏமாற்றுகிறார்களாம், யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரே கவலை. வீட்டுக்குப் போய், கோப்புகளைக் குழப்பிப் பூட்டி வைக்கிற ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் திறக்கும். மறந்துவிட்டால் நானும் திறக்க முடியாது, அந்த மென்பொருளை எழுதியவனும் திறக்க முடியாது, அதனால் இன்னொரு பிரதி எடுத்து வேறெங்காவது வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"ரெண்டு காப்பின்னா ரெண்டு திருடன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மாப்ள, சுவத்தப் பாத்துத் திரும்பு" என்றார்.

சொந்த மச்சினனைப் பார்த்து இப்படிச் சொல்ல எவனுக்கு வாய் வரும்? அக்கா முகத்துக்காகத் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் சடசடவென்று விரல்கள் ஓடின, ஒரு மூச்சில் முடிந்தது. பூட்டி முடித்ததும் பூட்டாத பழைய கோப்புகளை என் கண்ணெதிரே அழித்தார். அதன்பின் ஞாயிறுதோறும் இரண்டு பேரும் திறந்து கேட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து ஆபீஸ் ஷட்டர் நழுவி மாமாவின் வலது கையில் இறங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இனி மடங்காது என்றார்கள். டைப் வேலை போயிற்று. கட்டுப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை இடது கையின் ஒற்றை விரலால், எழுத்துகளைத் தேடித் தேடிக் கடவுச்சொல்லை அடித்திருக்கிறார். தவறு என்று வந்தது. இருபது தடவை அடித்தார், இருபது தடவையும் அதே பதில்.

மறுநாள் கடைக்கு வந்தார். நாலு பேர் நிற்கிறார்கள். கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

"நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப நீதான் அந்த மெஷின்ல கை வச்ச. என்னத்த மாத்தின?"

அவர் கம்ப்யூட்டரில் கை வைத்தது உண்மைதான். தூசி தட்டினேன். என் அக்காவின் குரலைத் திருடி நான் என்ன செய்யப் போகிறேன்? எனக்கு வந்ததே ஆத்திரம், இனி உங்கள் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாமா புத்தி எனக்கும் தொற்றியதோ என்னவோ, நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். கடவுச்சொல்லை மறந்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டுகிறார் என்றே நினைத்தேன். நாலு மாதம் பேச்சு வார்த்தை இல்லை.

ஒருநாள் அக்கா கடைக்கு வந்தாள். கழுத்தில் தொங்கும் சிலேட்டில் 'வா' என்று எழுதிக் காட்டினாள். முடியாது என்றேன். அந்த 'வா'வுக்கு அடியில் அழுத்திக் கோடு போட்டாள். குச்சி உடைந்தது. ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்னால் போனேன்.

மாமா இளைத்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. அக்கா அவர் தோளைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, அடியுங்கள் என்று சைகை காட்டினாள். இத்தனை நடந்த பிறகும் அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "திரும்பு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினேன்.

டொக். நீண்ட இடைவெளி. டொக். ஒற்றை விரல் எழுத்து எழுத்தாகத் தேடியது. பாதியில் அக்கா மேஜையில் விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினாள். டக் டக். "என்னம்மா?" என்றார் மாமா. மறுபடியும் டக் டக். பிறகு அவளே மேஜைமேல் வேகவேகமாகத் தட்டிக் காட்டினாள். ஓட்டமாக ஓடியது, நடுவில் நின்று இரண்டு தட்டு, மறுபடி ஓட்டம். இத்தனை வருடம் சமையலறையில் அவள் கேட்ட மாமாவின் டைப் சத்தம் அது.

மாமா நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. "அட கடவுளே, புள்ளி வச்சா ரெண்டு தட்டு" என்றார்.

தட்டச்சுப் பள்ளியில் முற்றுப்புள்ளிக்குப் பின் இடைவெளிப் பட்டையை இரண்டு முறை தட்டி, இரண்டு இடைவெளி விடப் பழக்குவார்கள். மாமாவின் வலது கட்டைவிரல் அதை அவருக்கே தெரியாமல் முப்பது வருடமாகச் செய்து வந்திருக்கிறது. இடது விரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஓர் இடைவெளியோடு நிறுத்திக்கொண்டது. அடிக்கிற கடவுச்சொல் திரையில் வெறும் புள்ளிகளாகத் தெரிவதால் அவரும் கவனிக்கவில்லை. கடவுச்சொல்லைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். பிரமாணப் பத்திரத்தின் கடைசி வரிதான்: 'மேலே சொன்னவை உண்மை. எதையும் மறைக்கவில்லை.'

மறுபடி டொக், டொக் என்று ஆரம்பித்தது. நடுவில் இரண்டு தட்டு விழுந்தது. நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, அம்மா பேசறேன்" என்றாள் அக்கா.

என் முதுகுக்குப் பின்னால், நல்ல தெளிவான குரல். ஒரு நிமிஷம் அக்காவே பேசிவிட்டாள் என்று நம்பிவிட்டேன். பதிவுக்குள்ளேயே மாமாவின் பழைய குரல் குறுக்கிட்டது: "மெதுவா பேசும்மா, வெளிய கேக்கப் போகுது." அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

"கேக்கட்டுமே. என் குரல யாருங்க திருடப் போறா?"

அறையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கழுத்துத் துளை வழியாக மூச்சு விடுகிற அக்காவால் அந்தச் சத்தம் போட முடியாது.

"மாப்ள" என்றார் மாமா. "திரும்புடா."

நான் திரும்பவில்லை. என் முகம் அப்போது இருந்த லட்சணத்தை அவர் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.