எதிர்க்கட்சிக்கு நான் பேசிய சாயங்காலம்

என் வீட்டுக்காரருக்கு மேடை என்றால் உயிர். மார்க்கையன்கோட்டையில் நெல்லும் வெற்றிலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவர், சின்னமனூர் வாசகசாலையில் நடக்கும் சொற்போர் ஒன்றையும் விடமாட்டார். வாய்க்கால் வெட்டப் போனாலும் வாய் சும்மா இருக்காது.

அந்தக் கோடையில் அவருக்குக் கிடைத்த தலைப்பு, பெண்பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு வேண்டுமா என்பது. வேண்டும் என்கிற கட்சி அவருடையது. ஒரு சாயங்காலம் நான் முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றார்.

"எதிர்க்கட்சி எப்படிப் பேசும்னு நீ பேசு. நான் பதில் சொல்லிப் பழகுறேன்" என்றார்.

முதலில் அவர் பேசினார். நாடு, நாகரிகம், சுகாதாரம் என்று ஏழு காரணங்களை அடுக்கினார். எல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனால் முடிக்கும்போது எது முக்கியம் என்று அவருக்கே தெரியவில்லை, பாவம்.

நான் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். "உங்க தங்கச்சியவே எடுத்துக்குவோம். நம்மூருல இருக்குற அஞ்சாவது வரைக்கும் முடிச்சிட்டா, இனிமே சின்னமனூருக்குத்தான் போகணும். பள்ளிக்கூடம் தொறக்குறதும் பெரியாத்துத் தண்ணி வாறதும் ஒரே மாசம். நாத்து, நடவுன்னு ஊரே வயல்ல கெடக்கும். அம்புட்டுத் தூரம் அந்தப் பிள்ளை கூட யாரு போவா?"

அவர் நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றிச் சொன்னார். "சரி, கூட யாரு போவா?" என்றேன். சுகாதாரத்துக்கு வந்தார். அதற்கும் அதையே கேட்டேன். கடைசியில் மனிதர் தலையைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மாமா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் மகனைக் கூப்பிட்டார். "மருமக சொன்னது நியாயந்தான்டா. சின்னவ படிச்சது போதும்" என்றார்.

விளையாட்டுக்குப் பேசியது வீட்டுக்குத் தீர்ப்பாகிவிட்டது. என் நாத்தனார் சிலேட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்த பிள்ளை அது.

வீட்டுக்காரர் அப்பாவிடம் வாதாடப் போனார். அதே ஏழு காரணங்கள். மூன்றாவது வரும்போது மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. பெண்பிள்ளைக்குப் படிப்பே ஆகாது என்று மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மனதில் தைத்தது என்னுடைய அந்த ஒற்றைக் கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது. மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோது வரப்பிலேயே பேச்சை எடுத்தேன்.

"மாமா, சின்னவ கூட நான் போறேன்."

"நடவுக்கு?"

"காலையில விட்டுட்டு நேரா வயலுக்கு வாறேன். சாயங்காலம் இங்கன இருந்தே போயிக் கூட்டியாறேன்."

அவர் கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு வேணாம்னு பேசுன. இன்னைக்கு வேணும்ங்குற. நீ எந்தக் கட்சி ஆத்தா?" என்றார்.

"சின்னவ கட்சி மாமா."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று இருவரும் நடந்தோம். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. பாதி வழிவரை அவள் முன்னால், நான் பின்னால். பாலத்தருகே சட்டென்று நின்று, தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, நீங்க நல்லாத்தான் பேசுனீக" என்றாள். "ஆனா இனிமே எங்கண்ணங்கிட்டத் தோத்துருங்க."